மூன்றாம் எண் வாட்டர் கூலரின் பரிந்துரை

தில்லியில் ரப்பர் ஸ்டாம்புகளுக்கென்று தனியாக ஒரு மத்திய இயக்ககம் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரியாததால் யாருக்கும் எந்த நஷ்டமும் வந்துவிடவில்லை. அரசாங்க முத்திரை வட்டமாக இருக்க வேண்டுமா நீளமாக இருக்க வேண்டுமா, ஊதா மை என்றால் எந்த ஊதா, கைப்பிடி மரத்திலா பிளாஸ்டிக்கிலா என்பவற்றை நிர்ணயிப்பது அதன் வேலை. இந்த வேலைக்காக ஆர்.கே. புரத்தில் நான்கு மாடிக் கட்டடமும், அறுபத்து மூன்று ஊழியர்களும், மூன்று வாட்டர் கூலர்களும் இருந்தார்கள். கூலர்களையும் ஊழியர்களையும் ஒரே மரியாதையோடு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. போகப் போகத் தெரியும்.

மகாதேவன் அங்கே செக்‌ஷன் ஆபீஸர். முத்திரைப் பாதுகாப்புப் பிரிவு. தலைமை இயக்குநரின் முத்திரையை இரும்பு அலமாரியில் பூட்டி வைப்பது, கேட்கும்போது வெல்வெட் துணி விரித்த தட்டில் ஏந்திக்கொண்டு போவது, அவர் கையெழுத்துப் போட்டதும் அதற்குக் கீழே கோணாமல் குத்துவது, திரும்பக் கொண்டுவந்து பூட்டுவது. முப்பத்தொரு வருஷமாக இதைச் செய்கிறார். ஒரு முத்திரைகூடக் கோணியதில்லை. ஓய்வு பெற இன்னும் இருபத்தொரு மாதம். பக்கத்திலேயே அரசாங்கக் குவார்ட்டர்ஸ், மனைவி ருக்கு, பிளஸ் டூ படிக்கும் பையன் அக்ஷய். மனிதர் யார் வம்புக்கும் போகாதவர். தில்லியில் அப்படிப்பட்டவர்களை வம்பு விலாசம் விசாரித்துக்கொண்டு வந்து சேரும்.

இவருக்கு அது மதுமதி மூலமாக வந்தது. பாவம், அந்தப் பெண் மேல் தப்பு ஒன்றுமில்லை. இயக்ககத்தின் இணையதளமும் கோப்புகளும் போன வருஷம் கிளவுடுக்குப் போயின. அதாவது, எங்கேயோ யாரோ வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு எடுத்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வந்தவள்தான் மதுமதி. கரூர்ப் பக்கத்துப் பெண், முனிர்காவில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். ஒப்பந்த ஊழியர் என்பதால் அவளுக்கு கேட் கார்டு கிடையாது. தினமும் காலையில் பார்வையாளர் நோட்டில் கையெழுத்துப் போட்டு, தலைமை இயக்குநரின் விசேஷ அனுமதிச் சீட்டைக் காட்டி உள்ளே வருவாள்.

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்காகவும் பதினைந்து திரைகளில் பட்டன் அமுக்கி அமுக்கி அலுத்துப்போன மதுமதி, ஒருநாள் எல்லாவற்றையும் கோடாக, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும் கட்டளைகளாக, எழுதிவிட்டாள். கூலரில் தண்ணீர் பிடிக்க வந்தபோது மகாதேவனுக்கு விளக்கமும் சொன்னாள்.

"ரொம்ப சிம்பிளுங்க சார். என்னென்ன இருக்கோணும்னு ஒரு பட்டியல் எழுதிப்போடறோம். மெஷின் அதைப் படிக்கும். பட்டியல்ல இருந்து நெசத்துல இல்லைன்னா உண்டாக்கிப்போடும். நெசத்துல இருந்து பட்டியல்ல இல்லைன்னா அழிச்சுப்போடும். அவ்வளவுதானுங்க."

"கேட்டுட்டுத்தானே அழிக்கும்?"

"ஒருக்கா கேக்குமுங்க. நாம 'எஸ்'னு அடிச்சுட்டா அப்புறம் கேக்காது."

மொத்தமே நாற்பது வரி. அதுவரை இரண்டு வாரம் பிடித்த வேலை நான்கு நிமிஷத்தில் முடிந்தது. விஷயம் அங்கேயே நின்றிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் அது தலைமை இயக்குநர் காதில் விழுந்துவிட்டது.

தலைமை இயக்குநரை எல்லோரும் டி.ஜி. சாப் என்பார்கள். தமிழ் தெரியாதவர். அவர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னவற்றையும், அவரிடம் அந்த மொழிகளில் மற்றவர்கள் சொன்னவற்றையும் இங்கே தமிழில் தருவதில் சாரம் ஒன்றும் குறைந்துவிடாது. இரண்டு எம்.ஏ., ஒரு டாக்டர் பட்டம், வெளிநாட்டில் ஆறு நாள் பயிற்சி எல்லாம் பெற்றவர். இவை அத்தனையும் பெயரோடு ஒரே வரியில் வர வேண்டும் என்பதற்காக, முத்திரையின் நீளத்துக்கான விதியையே திருத்தினார். அதனால் அவருடைய முத்திரை பதினெட்டு சென்டிமீட்டர். காகிதத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு வரி உயரத்துக்கு, அடர்ந்த ஊதாவில் விழும். அடியில் எது இருந்தாலும் பிறகு தெரியாது.

கோடின் தொடக்க விழா நான்காவது மாடி அரங்கில் நடந்தது. மதுமதியின் லேப்டாப்புக்குச் சாமந்தி மாலை போட்டு, மூடியில் குங்குமம் வைத்து, எதிரே தேங்காய் உடைத்தார்கள். கொஞ்சம் தேங்காய்த் தண்ணீர் கீபோர்டில் போனது. டி.ஜி. பேசினார்:

"இன்று முதல் இந்த அலுவலகத்தில் எதையும் மனிதக் கை தொடாது. மனிதக் கை தொடாமல் இருக்கிறதா என்று கண்காணிக்க நாற்பது பேர் கொண்ட பிரிவு ஒன்றை அமைத்திருக்கிறேன். முன்பெல்லாம் ஒரு தவறு நடந்தால், செய்தவர் யார் என்று கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆகும். இனிமேல் எந்தத் தவறையும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். இதைத்தான் நான் வெளிப்படைத்தன்மை என்கிறேன்."

கைதட்டல் ஓயாமல் கேட்டதாக நடவடிக்கைக் குறிப்பில் இருக்கிறது. மகாதேவன் கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவர் கரோல் பாக்கில் ஒரு கடையில் சால்வை பார்த்துக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினருக்குப் போட வாங்கி வைத்திருந்த சால்வையின் ஜரிகை மெலிந்திருக்கிறது என்று டி.ஜி. கடைசி நிமிஷத்தில் அபிப்பிராயப்பட்டதால், மகாதேவனை மெட்ரோவில் விரட்டியிருந்தார்கள். மே மாத வெயிலில் சட்டையெல்லாம் நனைந்து அவர் திரும்பியபோது விருந்தினர் பழைய சால்வையோடு கிளம்பிப் போயிருந்தார். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, அதுவும் கீழே போய்விட்டது. தட்டில் ஒரு சமோசா மிச்சம் இருந்தது. அதைத் தின்றுவிட்டு மகாதேவன் வேலையைப் பார்க்கப் போனார்.

அடுத்த வாரம் சுற்றறிக்கை வந்தது. இயக்ககத்தின் உள்கட்டமைப்பு முழுவதும் கோடில் அடங்க வேண்டும். உள்கட்டமைப்பு என்றால் என்ன என்று தீர்மானிக்க இணை இயக்குநர் சுந்தரேஷ் தலைமையில் எழுவர் குழு மூன்று முறை கூடியது. சுந்தரேஷ் கும்பகோணத்துக்காரர், கெட்டவர் அல்ல. விதி என்று ஒன்று இருந்துவிட்டால் அதன் நிழலில் பாய் விரித்துப் படுத்துவிடுவார், அவ்வளவுதான். சுவர் உள்கட்டமைப்பா என்றால் ஆம். சுவரும் கூரையும் இருப்பதால் மின்விசிறி. மின்விசிறி யாருக்காகச் சுற்றுகிறது? கீழே உட்கார்ந்திருப்பவருக்காக. அவர் இல்லையென்றால் விசிறிக்குத் தேவை இல்லை. ஆகவே ஊழியர் என்பவர் விசிறியைத் தாங்கும் துணை உள்கட்டமைப்பு என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

"ஆளுங்களை அதுல போட வேண்டாங்க சார். அது கம்ப்யூட்டருக்காக எழுதினது" என்றாள் மதுமதி.

நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினார்கள்: "ஆலோசனை கவனிக்கப்பட்டது. ஆலோசனை கூறியவர் ஒப்பந்த ஊழியர் என்பதால் உள்கட்டமைப்பு அல்ல."

ஆக லிஃப்ட், விசிறி, நாற்காலி, கூலர் எல்லாம் பட்டியலில் ஏறின. பதவிகளுக்குத் தனியாக ஒரே ஒரு தாள். கேட்டில் கார்டு வைத்தால் திறக்கும் மெஷின், வருகைப் பதிவு, சம்பளம், குவார்ட்டர்ஸ் ஒதுக்கீடு நான்கும் அந்தப் பட்டியலோடு இணைக்கப்பட்டன. பட்டியலில் இருந்தால் கேட் திறக்கும். இல்லாவிட்டால் கேட், சம்பளம், வீடு மூன்றும் கிடையாது.

இதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. கம்ப்யூட்டரில் இருப்பது நகல்தான், காகிதம்தான் அசல் என்பது இயக்ககத்தின் ஆதிகால நம்பிக்கை. எனவே மதுமதி எழுதியதை அச்சடித்து, எழுவரும் கையெழுத்திட்டு முத்திரை குத்தி, கடைசியாக டி.ஜி. முத்திரையும் விழுந்த பிறகு, அந்தக் காகிதத்தைப் பார்த்து ஸ்டெனோ ராமச்சந்திரன் ஒவ்வொரு எழுத்தாகத் திரும்பவும் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். இதற்குத் தானியங்கி முறை என்று பெயர். ராமச்சந்திரனுக்கு ஒரு கட்டளை உண்டு: கண்ணுக்குத் தெரிவதை மட்டும் அடிக்க வேண்டும், தெரியாததை ஊகித்து அடிக்கக் கூடாது. மனிதர் சத்தியசந்தர். வெள்ளோட்டத்தின்போது சுந்தரேஷின் முத்திரை லிஃப்ட் இருந்த வரியின் மேல் விழுந்துவிட்டது. ராமச்சந்திரன் அந்த வரியை விட்டுவிட்டார். மெஷின் லிஃப்டை அழித்துவிட்டது. ஒன்பது நாள், மே மாதத்தில், எல்லோரும் மாடிப்படி ஏறினார்கள். முத்திரை விழுந்த இடம் விதிப்படி சரியானது என்பதால் குறை லிஃப்டின் மீதுதான் என்று விசாரணையில் தெரியவந்தது.

பதவிப் பட்டியலின் வரைவை ஒரு திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு டி.ஜி. கையாலேயே அது இயக்கப்படும் என்று அடியில் அறிவிப்பு. மகாதேவன் மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார். முதல் வரியில் டி.ஜி., கடைசி வரியில் டிரைவர். மொத்தம் அறுபத்திரண்டு. விழாவின் வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் பட்டியல் தயாரித்திருக்கிறார்கள். சால்வை வாங்கப் போன மனிதர் அதில் இல்லை.

முப்பத்தொரு வருஷத்தை ஒரு சால்வை தின்றுவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது, ஆனால் நோட்டீஸ் போர்டுக்கு எதிரில் அழ விதி இருக்கிறதா என்று தெரியாததால் அடக்கிக்கொண்டார்.

வீட்டில் சொன்னதும் ருக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஏன்னா, லிஸ்ட்ல இல்லேன்னா இந்த வீட்ல யார் இருக்கறதா அர்த்தம்?"

"யாரும் இல்லேன்னு அர்த்தம்."

"நான் இருக்கேனே. குழந்தை இருக்கானே. போர்டு எக்ஸாம் வருஷத்துல நடுத்தெருவுல நிக்கச் சொல்றாளா?"

அக்ஷய் ஃபோனிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பா, டென்ஷன் மத் லோ. டிலீட் ஆனா ரீஸ்டோர் பண்ணிக்கலாம் யார்" என்றான். அப்பாவையே நண்பனைப்போல 'யார்' என்று விளிக்கும் தில்லிப் பழக்கத்தை மகாதேவன் வேறொரு நாளாக இருந்தால் கண்டித்திருப்பார். அன்றைக்குத் தான் யார் என்பதிலேயே அவருக்குச் சந்தேகம்.

மறுநாள் முதல் வேலையாக மதுமதியிடம் போனார்.

"ஒரு வரிதானுங்க சார். அரை நிமிசம்" என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா நான் தொடக்கூடாதுன்னு போட்டுட்டாங்க. குழு ஒத்துக்கிட்ட காயிதம் வந்தாத்தான் வரி சேர்க்கலாமுங்க."

மகாதேவன் விண்ணப்பம் எழுதிக்கொண்டு சுந்தரேஷின் அறைக்குப் போனார். சுந்தரேஷ் நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். விண்ணப்பத்தை மட்டும் கையால் தொடவில்லை.

"இதுல ஒரு சின்னச் சிக்கல் இருக்கு மகாதேவன். விதி ஏழு. பட்டியல்ல இருக்கற உள்கட்டமைப்புதான் திருத்தம் கேக்கலாம். நீங்க பட்டியல்ல இல்லை. நான் எப்படி இதை வாங்கறது?"

"பட்டியல்ல இல்லேங்கறதுக்குத்தானே சார் விண்ணப்பம்?"

"இருந்திருந்தா தாராளமா வாங்கிண்டிருப்பேனே."

"இருந்திருந்தா எதுக்கு சார் விண்ணப்பம்?"

"அதான். அப்போ தேவையே இல்லை." சுந்தரேஷ் திருப்தியாகத் தலையாட்டினார். "இன்னொண்ணும் இருக்கு. புதுசா வரி சேர்க்கணும்னா காலியிடம் இருக்கணும். உங்க இடம் காலியா இருக்கா?"

"நான் உக்காந்திண்டிருக்கேனே சார்."

"பாத்தேளா."

மகாதேவன் எழுந்து கதவு வரை போனார். சுந்தரேஷ் மனம் இளகிக் கூப்பிட்டார். "பட்டியல்ல இருக்கற வேற ஒருத்தர் உங்களைப் பரிந்துரை பண்ணினா வாங்கிக்கறேன். விதி எட்டு."

மகாதேவன் இரண்டு நாள் நான்கு மாடியும் ஏறி இறங்கினார். இருபது வருஷம் சேர்ந்து டிபன் சாப்பிட்டவர்கள் எல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பி மரத்தைப் பார்த்தார்கள். கணக்குப் பிரிவு பிரபா மட்டும் முகத்துக்கு நேரே சொன்னாள்: "தப்பா நினைக்காதீங்க சார். என் வரியே எத்தனை நாளைக்கு இருக்கும்னு தெரியலை. இதுல நான் உங்களைக் கைகாட்டினா, நாளைக்கு என்னை யாராவது உத்துப் பார்ப்பாங்க." அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் மகாதேவனுக்கு இன்னும் வலித்தது.

வியாழக்கிழமை காலை மூன்றாவது மாடிக் கூலர் பக்கத்தில் சோர்ந்துபோய் நின்றுகொண்டிருந்தார். மதுமதி கையில் பட்டியலோடு ஓடி வந்தாள்.

"சார், இதைப் பாருங்க. 'வாட்டர் கூலர் எண் மூணு, மூணாவது மாடி, பொறுப்பாளர் மகாதேவன்.' இந்தக் கூலரு பட்டியல்ல இருக்குதுங்க. நீங்க இல்லைன்னா இதுக்குப் பொறுப்பாளர் இல்லை. இது கேக்கலாமில்லீங்க?"

"எது?"

"கூலருதாங்க."

2014-ல் கூலர் வந்து இறங்கிய அன்று, சும்மா போய்க்கொண்டிருந்த மகாதேவனைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் கையெழுத்தை அவர் அன்றைக்கே மறந்துவிட்டார். அரசாங்கம் மறக்கவில்லை.

அன்றே விண்ணப்பம் தயாரானது. "மூன்றாம் எண் வாட்டர் கூலராகிய எனக்குப் பொறுப்பாளர் இன்றியமையாதவர் என்பதால், திரு. மகாதேவனைப் பட்டியலில் சேர்க்குமாறு பணிவுடன் பரிந்துரைக்கிறேன்." கூலரால் கையெழுத்துப் போட முடியாது என்பதால் அதன் சார்பில் பொறுப்பாளர் போடலாம் என்று விதி இருந்தது. மகாதேவன் போட்டார். சுந்தரேஷ் இந்த முறை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எழுவர் குழு பிற்பகலில் கூடியது. கூலரின் கடந்த மூன்று வருட நடத்தை எப்படி என்று கேட்டார்கள். ஒருமுறை ஒழுகியது, எச்சரித்த பிறகு திருந்திவிட்டது என்று மகாதேவன் உண்மையைச் சொன்னார். பரிந்துரை செய்பவருக்கும் பரிந்துரை பெறுபவருக்கும் உறவு உண்டா என்று ஒருவர் கேட்டார். தண்ணீர் குடிப்பதைத் தவிர வேறில்லை என்றார். அறுபத்து மூன்றாவது வரியாக, தாளின் கடைசியில், வாட்டர் கூலர் பொறுப்பாளர் என்ற பதவியோடு மகாதேவன் அச்சானார். மேல் ஓரத்தில் எழுவரின் முத்திரைகளும் நெருக்கியடித்துக்கொண்டு விழுந்தன. இனி டி.ஜி.யின் கையெழுத்தும் முத்திரையும்தான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு டி.ஜி. கூப்பிட்டனுப்பினார். மகாதேவன் வெல்வெட் தட்டில் முத்திரையை ஏந்திக்கொண்டு போனார். டி.ஜி. தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை ஓடும்படி கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தும் நீளம்தான். அது மகாதேவனின் வரிக்குப் பக்கத்தில் வந்து முடிந்தது.

மகாதேவன் முத்திரையை மையில் ஒற்றி எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முத்திரை கையெழுத்தின் அடியில் விழ வேண்டும். அடியில் அவருடைய வரிதான் இருக்கிறது. அதற்குக் கீழே ஒரு விரல்கடை இடம்கூட இல்லை. குத்தினால் ஊதா மைக்குள் போய்விடுவார். ராமச்சந்திரன் ஊகித்து அடிக்க மாட்டார்.

"என்ன யோசனை? ஜல்தி" என்றார் டி.ஜி.

"சார், இதை... மேலே குத்தலாமா?" முப்பத்தொரு வருஷத்தில் அவர் கேட்ட முதல் சலுகை இது.

டி.ஜி. தாளை ஏற இறங்கப் பார்த்தார். கடைசி வரியில் வாட்டர் கூலர் பொறுப்பாளர் என்று இருந்ததும் கண்ணில் பட்டது. "சரியாகச் சொன்னாய். என் முத்திரை கூலர்காரனுக்குப் பக்கத்திலா விழ வேண்டும்? உச்சியில் குத்து."

மகாதேவனுக்கு உயிர் வந்தது. முத்திரையை உச்சிக்குக் கொண்டுபோனார். மேல் ஓரம் முழுக்க எழுவரின் முத்திரைகள். அவற்றுக்குக் கீழே முதல் வரி: தலைமை இயக்குநர்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். "சார், அது உங்க வரி மேல..."

"மகாதேவன், முத்திரையைப் பற்றி எனக்கே பாடமா? என் முத்திரை இருக்கும் இடத்தில் எழுத்து எதற்கு? குத்து."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். கொஞ்சம் உரக்கச் சொல்லியிருக்கலாம். ருக்குவின் முகமும், பரீட்சைக்குப் படிக்கும் பையனும் ஞாபகத்துக்கு வந்தார்கள். மகாதேவன் குத்தினார். வழக்கம்போலக் கோணவில்லை.

ராமச்சந்திரன் நாலரை மணிக்குள் அடித்து முடித்தார். முதல் வரி தெரியவில்லை, ஆகவே அடிக்கவில்லை.

ஐந்து மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. லேப்டாப்புக்குப் புது மாலை. வாசல் புல்வெளியில் இரண்டு பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தார்கள். மதுமதி கட்டளையைக் கொடுத்தாள். திரையில் எழுத்துகள் ஓடி நின்றன.

"சார், ஒண்ணு அழியப் போவுதுன்னு காட்டுதுங்க. எதுன்னு ஒருக்கா படிச்சுப் பாத்தர்லாமுங்களா?" அவள் சொன்னதை சுந்தரேஷ் மொழிபெயர்த்தார்.

"படிப்பதா?" டி.ஜி. சபையைப் பார்த்துச் சிரித்தார். "படிப்பதும் மனிதத் தலையீடுதான். மெஷின் முடிவு செய்துவிட்டது. ஒவ்வொரு சீர்திருத்தத்துக்கும் தேவையில்லாத ஒன்று பலியாகத்தான் வேண்டும். அது எது என்று எனக்குத் தெரியும்." அவர் பார்வை கடைசி வரிசையில் இருந்த மகாதேவன் மேல் போய் நின்றது. சபையில் பலர் திரும்பிப் பார்த்தார்கள். பிரபா தலையைக் குனிந்துகொண்டாள்.

டி.ஜி. 'எஸ்'ஸின் மூன்று ஆங்கில எழுத்தையும் தன் ஆள்காட்டி விரலாலேயே அடித்தார். மனிதக் கை தொட்டது அதுதான் கடைசி. நான்கு விநாடியில் முடிந்தது. கைதட்டலுக்கு நடுவே அவர் பத்திரிகைக்காரர்களைப் பார்க்கக் கீழே போனார். வெளியே போவதற்கு கேட் கார்டு கேட்காது. உள்ளே வரத்தான் கேட்கும்.

மகாதேவன் தன் கார்டைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஓடினார். வெளியே போய்த் திரும்பி வந்து, கார்டை வைத்தார். பச்சை விளக்கு. கேட் திறந்தது. அவர் திரும்பவும் வெளியே போய் இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். அப்போதும் பச்சை. மூன்றாவது தடவை காவலாளி, "பாபுஜி, ஒரே தடவை போதும்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அவருக்குப் பின்னால் டி.ஜி. வந்து கார்டை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார், சிவப்பு.

"சாப், மெஷின் வேண்டாம் என்கிறது" என்றான் காவலாளி.

"நான் யார் என்று தெரியுமா?"

"எனக்குத் தெரியும் சாப். மெஷினுக்குத் தெரியவில்லை."

சுந்தரேஷை வரவழைத்தார்கள். அவர் விதிப் புத்தகத்தோடு வந்தார். டி.ஜி. கம்பிக்கு அந்தப் பக்கம், அவர் இந்தப் பக்கம்.

"உடனே என் பெயரைச் சேர்."

"திருத்த விண்ணப்பம் வேண்டும் சார். பட்டியலில் உள்ள உள்கட்டமைப்புதான் கொடுக்கலாம். விதி ஏழு."

"அந்த விதியை எழுதியவனே நான்தான்."

"ஆமாம் சார். மிகவும் நல்ல விதி."

அவரைப் பார்வையாளராக உள்ளே விடலாம் என்று கடைசியில் ஒரு வழி கிடைத்தது. நோட்டில் பெயர் எழுதி, சந்திக்க வேண்டியவர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று டி.ஜி. கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்வையாளர்கள் தரைத்தளத்து பெஞ்சைத் தாண்டக் கூடாது. மேலே போக டி.ஜி.யின் விசேஷ அனுமதிச் சீட்டு வேண்டும். சத்தம் கேட்டுக் கீழே வந்திருந்த மதுமதி தன்னுடையதைக் காட்டிவிட்டு அவரைத் தாண்டி மேலே போனாள்.

திங்கட்கிழமையும் டி.ஜி. அந்த பெஞ்சில்தான் இருந்தார். குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம் ரத்தானதாக அன்று காலையில்தான் தகவல் வந்திருந்தது. தலைமுடி கலைந்து, கையில் ஒரு மஞ்சள் கவரோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் மகாதேவனுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அடுத்த நிமிஷமே வெட்கமாக இருந்தது. போன வாரம் இதே முகத்தைத் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்தவர் அவர். போய்ப் பக்கத்தில் நின்றார்.

"ஒருவரும் பரிந்துரைக்க மாட்டேன் என்கிறார்கள் மகாதேவன். எல்லோரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள்."

"தெரியும் சார்."

மகாதேவன் மூன்றாவது மாடிக்குப் போய் ஒரு படிவம் எடுத்துவந்தார். "மூன்றாம் எண் வாட்டர் கூலராகிய நான், திரு. தலைமை இயக்குநரை..." என்று அவரே எழுதி, கூலருக்காகக் கையெழுத்தும் போட்டார். டி.ஜி. படித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுவர் குழு அன்றைக்கே கூடி அதை ஏற்றுக்கொண்டது. அந்தக் கூலருக்கு அதற்குள் அலுவலகத்தில் நல்ல செல்வாக்கு.

நான்கு நாள் கழித்து டி.ஜி. பெஞ்சிலிருந்து எழுந்து வந்து விசாரித்தார். "எங்கே நிற்கிறது?"

"எல்லாம் முடிஞ்சது சார். எழுவரும் போட்டுட்டா. கோப்பை மேலே உங்க அறையில, உங்க மேசை மேலயே வெச்சிருக்கேன். ஃபேன் சுத்திண்டிருக்கு, ஏ.சி. ஓடறது, அதெல்லாம் லிஸ்ட்ல இருக்கே." மகாதேவன் தயங்கினார். "டி.ஜி. கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி."

டி.ஜி. அதை யோசித்துப் பார்த்தார். முப்பது வருஷப் பழக்கம் வாயில் வந்துவிட்டது.

"அவருக்கு ஒரு நினைவூட்டல் அனுப்பு" என்றார்.

"அனுப்பறேன் சார்."

வெயில் அதிகமாக இருந்தது. மகாதேவன் மூன்று மாடி ஏறி, கூலரில் ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தார்.